மூன்றாம் மாடி நீலக் கம்பி

கார்கள் நிற்கும் தரையைக் கழுவிக் கோலமிட்டு, அதன் மேல் போட்ட மேடையில் நடுநாயகமாக வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், எங்கள் முதல் மாடியின் முத்து, அவைத்தலைவர் கோமளம் அம்மையார் அவர்களே!

எனக்கு முன்னே எழுந்து, காற்றின் புகழைக் கணீரென்று பாடத் தொடங்கி, கையிலிருந்த கம்பியில்லா மைக்கினாலேயே இருமுறை கழுத்தறுக்கப்பட்ட தம்பி செம்பியன் அவர்களே!

பால் அடுப்பை அணைத்துவிட்டு வந்தோமா இல்லையா என்ற கலக்கத்தை நெஞ்சில் சுமந்தபடியும் எனக்குக் காது கொடுத்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! பஜ்ஜி வரும் வழியையே பார்த்திருக்கும் பெரியோர்களே! தலை நிமிராமல் கைப்பேசிக்குள் குடியிருக்கும் இளையோரே!

இறுதியாக, இறுதியில் சொல்வதால் இளக்காரம் என்று எண்ண வேண்டாம், நம் அடுக்ககத்தின் செயலாளர், சுவர்களின் காவலர், சந்தன நிற பெயிண்ட்டின் காதலர், திரு. சந்திரமௌலி அவர்களே! எல்லோருக்கும் மூன்றாம் மாடி வெள்ளைச்சாமியின் வணக்கம்.

இன்றைய பட்டிமன்றத் தலைப்பு உங்களுக்குத் தெரியும். 'வீட்டு இணையத்துக்கு ஏற்றது கம்பியா, காற்றா?' தம்பி செம்பியன் காற்றின் கட்சி. நான் கம்பியின் கட்சி. அவருக்கு இது தலைப்பு. எனக்கு இது தலைவிதி!

ஏன்? பேச்சு முடிந்ததும் நீங்கள் பஜ்ஜி தின்னப் போவதற்கு முன் ஒரு வாக்கெடுப்பு இருக்கிறது. புதிதாய் வர்ணம் பூசிய வெளிச்சுவரில் எந்தக் கம்பியும் தெரியக்கூடாது; தெரிந்தால் நாளை சனிக்கிழமை காலை வெட்டி எறியப்படும். இது செயலாளரின் தீர்மானம். 'எந்தக் கம்பியும்' என்று நாகரிகமாக எழுதியிருக்கிறார். அண்ணாந்து பாருங்கள். இந்தச் சுவரில் இருப்பதே ஒரே ஒரு கம்பி. நீல நிறக் கம்பி. என் வீட்டுக் கம்பி. ஞாயிற்றுக்கிழமை என் மகள் கீர்த்தியின் கல்யாணப் பேச்சு நடக்கப்போவது அந்தக் கம்பி வழியாகத்தான்!

என்ன சத்தம் அங்கே? "ஒயர் மாமா வாழ்க"வா? வாழ்த்துக்கு நன்றி தம்பி. இந்தப் பட்டத்தை எனக்குச் சூட்டியவர் யார், அதை லிஃப்டுக்குள் எழுதியவர் யார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நான் பகை பாராட்டுகிறவன் அல்ல. தண்ணீர்த் தொட்டி கழுவுகிற நாளை எனக்கு மட்டும் சொல்லாமல், தலையெல்லாம் சோப்பு நுரையோடு என்னை நிற்க வைத்ததை மறந்துவிட்டேன். என் வண்டி நிற்கும் இடத்தில் செயலாளரின் மைத்துனர் வண்டி நின்றதை மறந்துவிட்டேன். ஆண்டு மலரில் என் கட்டுரையைக் கடைசிப் பக்கத்தில், பிளம்பரின் போன் நம்பருக்குக் கீழே போட்டதையும் மறந்துவிட்டேன். மறந்தவை இன்னும் ஏராளம். அவற்றை எல்லாம் சொல்ல நேரம் போதாது.

அவையோரே! அந்த நீலக் கம்பி ஏன் வந்தது? கேளுங்கள்.

நான் விருதுநகர்ப் பக்கத்துக்காரன். என் தம்பிமார் தியாகராய நகரில் பாத்திரக் கடை வைத்தார்கள். நான் மயிலாப்பூரில் இயற்பியல் பாடம் எடுத்தேன். அவர்களுக்குக் கல்லாவும் எனக்குக் கரும்பலகையும் வாய்த்தன. போகட்டும். என் வீட்டுக்கு இணையம் கொடுக்க ஓர் ஆள் வந்தார். வாசற்படியில் நின்றார். கம்பி எட்டிய இடத்தில், செருப்பு ஸ்டாண்டின் மேல், கொம்பு முளைத்த டப்பாவை வைத்தார். "அவ்ளோதான் சார்" என்றார்.

"ஐயா, வீதியைப் பார்த்த ஹால் அந்தக் கோடியில் அல்லவா இருக்கிறது? நடுவே மூன்று சுவர், ஒரு கண்ணாடி பீரோ, ஒரு மீன் தொட்டி. இவ்வளவையும் தாண்டி வருமா?" என்றேன்.

"இன்னா சார், படிச்சவரு நீ. காத்துக்கு ஏது சார் சுவரு? அப்டியே பூந்து போய்க்கினே இருக்கும். பாரு, நாலு கோடும் ஃபுல்லா கீது!"

கோடு இருந்தது. கோடு மட்டும்தான் இருந்தது! டப்பாவின் பக்கத்தில் நின்றால் வேகம் வெள்ளம். அடுக்களைக்கு வந்தால் வாய்க்கால். ஹாலுக்கு வந்தால் சொட்டு. நான் காசு கொடுத்து வாங்கிய வேகம் முழுவதையும் அனுபவித்தவை என் வீட்டில் யாவை? செருப்புகள்! என் செருப்புகள் அல்லவா அதிவேக இணையத்தில் ஊறித் திளைத்தன!

பீரோவின் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பூச்சு அலையைத் திருப்பி அடிக்கிறது. மீன் தொட்டியின் நீர் அலையைக் குடிக்கிறது. சுவர் மிச்சத்தை மெல்கிறது. அதற்கு மேல், அக்கம்பக்கத்தார் டப்பாக்கள் எல்லாம் அதே காற்றில் ஒரே நேரத்தில் கத்துகின்றன. என் கைப்பேசியைத் திறந்தால் அந்த டப்பாக்களுக்கு அவரவர் வைத்த பெயர்கள் வரிசையாக வருகின்றன. 'தாத்தாவிடம் கேள்' என்று ஒன்று. 'ஓசியில் கிடையாது' என்று ஒன்று. அந்த 'ஓசியில் கிடையாது' யாருடையது என்று செயலாளரைக் கேளுங்கள். மீன் சந்தையில் எல்லோரும் ஒரே நேரத்தில் விலை கேட்டால் யார் பேச்சு யார் காதில் விழும்?

இந்த நிலையில்தான் வந்தது வரன்.

மாப்பிள்ளை வெங்கடேஷ் ஆஸ்திரேலியாவில் வேலை பார்க்கிறார். அம்மா பொன்மணி அம்மாளும் அவரோடு இருக்கிறார்கள். பெண் பார்க்க விமானம் ஏறி வரமுடியுமா? வீடியோவில் பார்ப்போம் என்றார்கள். ஹாலில் திரைச்சீலை மாற்றினோம். கீர்த்தி பட்டுப்புடவை உடுத்தினாள். என் மனைவி ஸ்வர்ணலதா, இதோ மூன்றாம் வரிசையில் என்னை முறைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறாளே அவள்தான், தட்டில் கேசரி வைத்து அதைக் கேமராவுக்குக் காட்டினாள். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. கடைசியில் சீர் செனத்தி பற்றிய பேச்சு வந்தது. பொன்மணி அம்மாள் பெருந்தன்மையின் சிகரம். அவர் தம் வாயால் சொன்னது என்ன தெரியுமா?

"எங்களுக்கு எதுவும் வேண்டாம். உங்க பொண்ணு மட்டும் போதும்!"

தங்க எழுத்தில் பொறிக்க வேண்டிய வாசகம்! எந்தப் பெண்ணின் தகப்பனும் காதாரக் கேட்கத் தவம் கிடக்கும் வாசகம்! ஆனால் மூன்று சுவரும், ஒரு பீரோவும், ஒரு மீன் தொட்டியும் தாண்டி என் காதில் விழுந்தது என்ன?

"எங்களுக்கு… வேண்டாம். உங்க பொண்ணு…"

அவ்வளவுதான்! 'எதுவும்' எங்கே? மீன் தொட்டியில் மூழ்கிவிட்டது! 'மட்டும் போதும்' எங்கே? பீரோவில் மோதிச் செத்துவிட்டது! அதோடு படமும் உறைந்து நின்றது. எப்படி நின்றது? அந்த அம்மாள் உதட்டைச் சுழித்து, ஒரு கண்ணை மூடி, கசப்பு மருந்தைக் குடித்தவர் போல!

தாய்மார்களே, நீங்களே சொல்லுங்கள். தன்மானமுள்ள தகப்பன் என்ன செய்வான்? எழுந்தேன். வேட்டியை மடித்துக் கட்டினேன். "எங்களுக்கும் வேண்டாம், உங்க பையன்!" என்று முழங்கினேன்.

அந்த வைஃபையின் வஞ்சகத்தைக் கேளுங்கள். அதுவரை தத்தளித்த அலை, அதுவரை தடுமாறிய அலை, என் வசனத்தை மட்டும் ஓர் எழுத்துச் சிதறாமல், ஒற்று மிகாமல், கடல் கடந்து கொண்டுபோய்ச் சேர்த்தது! அந்த அம்மாள் அழுதார்களாம். மாப்பிள்ளை இணைப்பைத் துண்டித்தார். கேசரி ஆறிற்று.

"ஹால்லயே ஏன் பேசணும், டப்பா பக்கத்துலயே உக்காந்து பேசியிருக்கலாமே" என்கிறாரா தம்பி செம்பியன்? நல்ல கேள்வி. செருப்பு ஸ்டாண்டுக்கு முன்னால் பெண்ணை உட்கார வைத்து, "பின்னால் தெரிவது எங்கள் பரம்பரைப் பாதரட்சைகள்" என்று அறிமுகம் செய்யச் சொல்கிறீர்களா?

இன்னொரு குரல், "செல்போன் டேட்டா போடு மாமா" என்கிறது. போட்டுப் பார்த்தேன் ஐயா. இரு பக்கமும் உயர்ந்த கட்டடங்கள். அவற்றுக்கு நடுவே என் வீட்டில் சிக்னல் வரும் ஒரே இடம் குளியலறை ஜன்னல். பெண் பார்க்கும் வைபவத்தைப் பக்கெட்டுக்கும் கெய்சருக்கும் நடுவிலா நடத்துவது?

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். கட்சி கடந்து ஒப்புக்கொள்கிறேன். அதே குளியலறை ஜன்னலில் நின்றுதான் என் மகள் கீர்த்தி, எனக்குத் தெரியாமல், அந்தப் பையனோடு பேசியிருக்கிறாள். "அப்பா காதுல 'எதுவும்' விழலையாம்" என்று ஒரே ஒரு வரி அனுப்பினாளாம். அவர் விழுந்து விழுந்து சிரித்தாராம். அம்மாவிடம் சொன்னாராம். அம்மாவும் சிரித்தார்களாம். நான் மட்டும்தான் இன்னும் சிரிக்கவில்லை. இதைத் தம்பி செம்பியன் தம் பேச்சில் எடுத்துக்காட்டி, "முறிந்த சம்பந்தத்தை ஒட்டவைத்தது கம்பியில்லாக் காற்றுதான், மாமா கம்பி கட்டுற கதை விடுவார், நம்பாதீர்கள்" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள்.

தம்பி! ஒட்டவைத்தது காற்று. சரி. உடைத்தது யார்? உங்கள் காற்றுதானே! காதல் பேசுவதற்குக் காற்று போதும். பாதிச் சொல் விழுந்தாலும் மீதியைக் காதலர்கள் தாமே நிரப்பிக்கொள்வார்கள். சம்பந்தம் பேச அது போதுமா? ஒரு சொல் விழாவிட்டால் உறவே விழுந்துவிடாதா? காதலுக்குக் காற்று! கல்யாணத்துக்குக் கம்பி!

(நீண்ட கைதட்டல்)

நன்றி. அதற்குப் பிறகுதான் அந்த நீலக் கம்பியை இழுத்தேன். செருப்பு ஸ்டாண்டிலிருந்து அடுக்களை ஜன்னல் வழியாக வெளியே வந்து, சுவரோடு நடந்து, ஹால் ஜன்னலில் உள்ளே நுழைந்து, நேரே கணினியில் போய் அமர்கிறது. வீட்டுக்குள்ளேயே இழுத்திருக்கலாமே என்பீர்கள். இழுத்தேன். ஸ்வர்ணலதா அதில் தடுக்கி, கையில் இருந்த சாம்பாரோடு சரிந்தாள். "இந்த ஒயர் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றாள். நான் சற்று யோசித்ததுதான் தவறாகப் போயிற்று. கம்பி வெளியேறியது.

அதன் பிறகு வேகம் எப்படி? வாங்கியது வாங்கியபடி வந்தது! படம் உறைவதில்லை. சொல் உதிர்வதில்லை. அந்த அம்மாள் திரும்பவும் பேச ஒப்புக்கொண்டார்கள். ஞாயிறு காலை நாள் குறிப்பதாக ஏற்பாடு.

அப்படியிருக்க, திடீரென்று நம் செயலாளருக்குச் சுவர் மீது காதல் ஏன் பிறந்தது? அதுவும் ஒரு கம்பியில்லாக் கதைதான்.

சென்ற மாதம் மொட்டை மாடியில் புத்தாண்டு விருந்து நடந்ததே, நினைவிருக்கிறதா? பாட்டுப் போட வேண்டும் என்று செயலாளர் தம் வீட்டு ப்ளூடூத் ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார். யாருடைய கைப்பேசியை அதில் இணைத்தார்கள்? என்னுடையதை. விருந்து முடிந்தது. ஸ்பீக்கர் அவர் வீட்டுக்குப் போயிற்று. போய் எங்கே அமர்ந்தது? அவருடைய குளியலறையில்! அவர் எனக்கு நேர் கீழ்வீடு. ஒருநாள் காலை நான் அதே குளியலறை ஜன்னலில் நின்று என் தம்பிக்குப் போன் போட்டு, செயலாளரைப் பற்றி, அவருடைய நிர்வாகத் திறமையைப் பற்றி, அவருடைய தலைச்சாயத்தைப் பற்றி, மனம்விட்டுப் பேசிக்கொண்டிருந்தேன். என் போனுக்கு என்மேல் என்ன பகையோ, பழைய உறவை நினைத்துக்கொண்டு கீழ்வீட்டு ஸ்பீக்கரோடு போய் ஒட்டிக்கொண்டது. தம்பியின் குரல் எனக்குக் கேட்கவில்லை. "ஏலே, கேக்குதா? ஏலே, கேக்குதா?" என்று நான் கத்த, கீழிருந்து, ஜன்னல் வழியாக, சோப்பு நுரைக்குள்ளிருந்து ஒரு குரல் எழுந்தது:

"நன்னாக் கேக்கறது ஓய்! உம்ம தம்பி சிரிக்கறதும் கேக்கறது!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். மறு வாரமே வந்தது சுவர் அழகுத் தீர்மானம்! அவையோரே, என் வீட்டுக் கம்பி ஒருபோதும் இப்படி ஊர் சுற்றியதில்லை. கிளம்பிய இடமும் அதற்குத் தெரியும், சேரும் இடமும் தெரியும். வழியில் இன்னொருவர் குளியலறைக்குள் எட்டிப் பார்க்கிற பழக்கம் அதற்குக் கிடையாது!

இன்னும் கேளுங்கள். கம்பியில்லா இயர்போன் வாங்கினேன். அறுபத்துமூவர் திருவிழாக் கூட்டத்தில் ஒன்று விழுந்தது. மிச்சம் ஒன்று என் காதில் தனியாகப் பாடி என்ன பயன்? கம்பியில்லா மவுஸ் வாங்கினேன். பேட்டரி தீர்ந்தது. சுவர்க் கடிகாரத்திலிருந்து பிடுங்கிப் போட்டேன். மவுஸ் ஓடிற்று, காலம் நின்றது. கல்லூரிக்குத் தாமதம். முதல்வரிடம், "ஐயா, என் மவுஸுக்குப் பசி" என்றா சொல்வது?

நான் காற்றை ஒழிக்கச் சொல்லவில்லை. நடக்கிற பொருளுக்குக் காற்று வேண்டும். கைப்பேசி நடக்கிறது, அதைக் கம்பியில் கட்டினால் அது மாடு. ஆனால் டிவி நடக்கிறதா? மேசைக் கணினி காலையில் மெரினாவுக்கு வாக்கிங் போகிறதா? அசையாமல் அமர்ந்திருப்பதற்கு ஏன் ஐயா காற்று? அமர்ந்தவற்றைக் கம்பியில் கட்டிவிட்டால், காற்றில் கூட்டம் குறையும். கைப்பேசிகளும் நிம்மதியாக மூச்சுவிடும்.

தம்பி செம்பியன் இன்னொன்று சொன்னார். "இனி உலகமே வயர்லெஸ்" என்றார். எந்த உலகம்? நொச்சிக்குப்பத்துப் படகுகளைத் தாண்டிப் பாருங்கள். அந்தக் கடலின் அடியில் கண்ணாடி இழையாய்க் கிடந்து, கண்டம் விட்டுக் கண்டம் பேச்சைச் சுமப்பது எது? கம்பி! தெருமுனைக் கோபுரத்தின் காலடியில் மண்ணுக்குள் புகுந்து வருவது எது? கம்பி! ஆயிரம் காதம் அது சுமந்து வருகிறது. கடைசிப் பத்தடியில் காற்று கைநீட்டி வாங்கி, "நான்தான் கொண்டுவந்தேன்" என்று மார்தட்டுகிறது. இந்த வகை ஆட்களை நான் என் கல்லூரியிலும் நிறையப் பார்த்திருக்கிறேன்!

செயலாளர் அவர்களே! உங்கள் வீட்டில் எந்த மூலையிலும் வேகம் குறைவதில்லை என்றும், எல்லாம் வயர்லெஸ் என்றும், ஆகவே மூன்றாம் மாடிக்கு மட்டும் ஏன் கம்பி என்றும் சுற்றறிக்கையில் கேட்டிருந்தீர்கள். கொலுவுக்கு வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ள வந்த என் மனைவியிடம் உங்கள் வீட்டு அம்மையார் சொன்ன வாசகத்தை, அவர் குரலிலேயே சொல்லட்டுமா?

"எங்காத்துல மூணு ரூமுக்கும் கேபிள் இழுத்திருக்கு ஸ்வர்ணா. மேலே ஃபால்ஸ் சீலிங் போட்டு மூடிட்டா. அதான் கண்ணுக்குத் தெரியலை. வெளியில சொல்லிண்டு இருக்காதேன்னு இவர்தான் சொன்னார்."

ஃபால்ஸ் சீலிங்! தமிழில் சொன்னால் பொய்க்கூரை! ஐயா சந்திரமௌலி அவர்களே, உங்கள் பொய்க்கூரைக்குள் ஒளிந்திருப்பது மெய்க்கம்பி அல்லவா? உம்முடையது ஒளிந்திருப்பதால் அழகா? என்னுடையது வெளியே நிற்பதால் அசிங்கமா? என்னிடம் பொய்க்கூரை இல்லை. அதனால்தான் என் உண்மை சுவரில் தொங்குகிறது!

(பலத்த கைதட்டல். விசில். செயலாளர் எழுகிறார்.)

செயலாளர் எழுகிறார். எழட்டும். கையில் அவருடைய கம்பியில்லா மைக். பேசட்டும். அமைதி! அமைதி! என்ன சொல்கிறார்?

"எனக்கு ஆட்சேபணை…"

கேட்டீர்களா! கேட்டீர்களா அவையோரே! இவ்வளவுக்குப் பிறகும் ஆட்சேபணையாம்! ஒரு பெண்ணின் வாழ்வு அந்தரத்தில் தொங்கும் வேளையிலும் ஆட்சேபணையாம்! ஐயா, நீர் ஆட்சேபித்தால் நானும் ஆட்சேபிக்கிறேன்! உம்முடைய தீர்மானத்தை, உம்முடைய பெயிண்ட்டை, உம்முடைய தலை… என்ன ஸ்வர்ணா? ஏன் எழுந்து நிற்கிறாய்?

"ஐயோ, அந்த மைக்கு அறுத்துடுச்சுங்க! முழுசாக் கேளுங்க! கல்யாணத்தைத்தான் கெடுத்தீங்க, இதையுமா கெடுக்கணும்?"

…

செயலாளர் மேடைக்கு வருகிறார். வாருங்கள். இதோ, இந்தக் கம்பி வைத்த மைக்கைப் பிடியுங்கள். கொஞ்சம் பழசு. பொய் சொல்லாது.

"என்ன ஓய் மனுஷன் நீர்! ஆட்சேபணை எதுவும் இல்லைன்னுதானே சொன்னேன்! பேச விடாம கத்திண்டே இருக்கேளே! ஒயர் இருக்கட்டும். சுவர்க் கலர்ல ஒரு பைப்பு போட்டு அதுக்குள்ள விட்டுருவோம், யார் கண்ணுக்கும் தெரியாது. கொழந்தைக்கு நல்லபடியா நாள் குறிங்கோ. முகூர்த்தச் சாப்பாட்டுல எனக்கு மட்டும் எலை போட மறந்துடாதீங்கோ, உமக்கு மறதி ஜாஸ்தி!"

(அரங்கம் அதிர்கிறது.)

அவையோரே, என்ன சொல்வேன்! மறுபடியும் அதே சொல்! மறுபடியும் 'எதுவும்'! ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து என் மீன் தொட்டியில் மூழ்கிய அதே 'எதுவும்' இந்த மேடையிலும் மூழ்கப் பார்த்தது. கம்பிதான் கரை சேர்த்தது! இனி வாக்கெடுப்பு எதற்கு? கோமளம் அம்மையார் தலையசைக்கிறார். தம்பி செம்பியனும் கை தட்டுகிறார். தீர்ப்பு வந்துவிட்டது.

செயலாளரே, உமக்குத் தலைவாழை இலை உண்டு. முதல் பந்தியில் உண்டு. தண்ணீர்த் தொட்டி விஷயத்தை உண்மையாகவே மறந்துவிடுகிறேன். ஆண்டு மலர் விஷயத்தைப் பிறகு பார்ப்போம்.

பொறுமையோடு கேட்ட தாய்மார்களுக்கும், இடையில் குரல் கொடுத்து என் பேச்சுக்கு உப்பிட்ட இளையோருக்கும், ஆறிப்போன பஜ்ஜியை மன்னிக்கப்போகும் பெரியோருக்கும், தக்க தருணத்தில் என்னைத் தடுத்த என் மனைவிக்கும், என் நெஞ்சார்ந்த நன்றி. ஞாயிறு காலை நீங்கள் யாரும் உங்கள் டப்பாவை அணைக்க வேண்டாம், குரலைத் தாழ்த்த வேண்டாம். உங்களிடமிருந்து எங்களுக்கு எதுவும் வேண்டாம். உங்கள் வாழ்த்து மட்டும் போதும்.

'எதுவும்' கேட்டதா? கடைசி வரிசைக்கும் கேட்டதா?

கேட்டதென்றால், வணக்கம்!